மச்சான் மாட்டிய பல்புகள்

ஹெட்லைட் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சீக்கிரமே ஃப்யூஸ் போய்விடும். இதைச் சொல்லித் தந்ததே மச்சான்தான், அதாவது என் கணவர் மன்சூர் அலி. நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் பழைய கார் ஒன்று வாங்கினார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுததும் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பரோட்டா தின்னப் போய்விடுவார். இரண்டு வருடமாகக் காத்திருந்தவள் நான். எனக்குப் பரோட்டாவின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் பல்பு தானாகவே போனது. சத்தியமாக அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. வீரசோழனில் எங்கள் வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்து அவரே மாற்றினார். நான் டார்ச் பிடித்தேன். மாட்டிக்கொண்டே, தன் ரூம்காரரின் குறட்டை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். நிக்காஹ் ஆனதிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அன்றைக்குப் பெருநாள் மாதிரி இருந்தது.

அடுத்துப் போட வேண்டிய பல்பை நானே எடுத்துக் கொடுத்தேன், தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு. அதற்கடுத்ததையும்.

பல்பு விற்ற பாளையம்பட்டி தங்கபாண்டி அண்ணனை அவர் ஃபோனில் பிடித்துக்கொண்டார். "ஏண்ணே, டூப்ளிகேட்டக் குடுத்து ஏமாத்துறீகளா?"

"எம்பிள்ள மேல சத்தியமா ஒரிஜினலு தம்பி."

எங்கள் ஊர்க்காரர்கள் இப்போது அந்தக் கடைப் பக்கமே போவதில்லை. பாவம்தான். பிரியாணி கொடுத்தனுப்பினேன்.

விடுமுறை முடிந்து அவர் போய்விட்டார். காரைக் கொழுந்தன் ரபீக் ஓட்டினார். மச்சான் ஃபோனில் என் மாமியாரை விசாரிப்பார், என்னிடம், "சரி, வைக்கவா?" என்பார். அதனால் பிரேக் லைட்டுகளில், டிக்கியில் கிடந்த ஃப்யூஸ் போன பழைய பிரேக் பல்புகளை மாட்டி வைத்தேன். வீடியோ காலில் தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பார், ஃபோனை நான் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அதற்குள் திருச்சுழி ரோட்டில் ஓர் ஆடு குறுக்கே வந்து, ரபீக் பிரேக் போட்டு, பின்னால் வந்த லோடு ஆட்டோ முட்டிவிட்டது. ரபீக் கழுத்தில் பட்டை போட்டிருக்கிறார்கள். குனிய முடியாது.

"நீயே மாட்டிரு புள்ள. அவசரமில்ல, மெதுவாச் செய்யி. நான் லைன்லயே இருக்கேன்" என்கிறார் மச்சான்.

ரபீக்குக்கு நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். "உங்களப்போல மதினி யாருக்கு வாய்க்கும்?" என்று அவர் கண் கலங்கும்போது எனக்கும் பெருமையாக இருக்கிறது.

மச்சான் அடுத்து வர இன்னும் இரண்டு வருடம் ஆகும். இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட் என்று காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டேன். சமாளித்துவிடலாம்.