வாய் திறக்காத விருந்தாளி

— பைபிள்ல இந்த உவமைய இதோட நாப்பது தடவ வாசிச்சுட்டேன். ராஜா தன் மகன் கல்யாணத்துக்குத் தெருவுல போறவன் வர்றவனையெல்லாம் கூப்பிட்டாரு. சரி. அப்புறம் ஒருத்தன் கல்யாணத் துணி போடாம வந்துட்டான்னு, கையக் கால கட்டி வெளிய தள்ளச் சொல்றாரு. ஞாயித்துக்கெழம ஜெபக்கூட்டத்துல நான்தான் இதுக்கு விளக்கம் சொல்லணும்.

— சொல்லுங்கண்ணே, கேக்குறேன். காலையிலேருந்து தையல் மிஷின்லயே உக்காந்து இடுப்பு விட்டுப்போச்சு. உங்க பொண்ணு கல்யாணக் கவுனுக்கு இன்னும் அடி மடிக்கல.

— என்ன பெரிய விளக்கம்? வீட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. அது தெரியாதவன் வாசப்படி தாண்டக் கூடாது.

— தெருவுல போறவன் கல்யாணத் துணியத் தோள்ல போட்டுக்கிட்டா திரிவான்?

— அங்கதான் எனக்கும் இடிக்குது.

— அந்தா, ஒரு கல்யாணப் பத்திரிகை பேர் எழுதாமக் கெடக்கு. சின்னண்ணனுக்குத்தானே?

— அவன் பேச்ச எடுக்காத.

— ஆறு வருஷமாச்சுண்ணே.

— அறுபது ஆகட்டும். அன்னிக்கு என் மகன் கல்யாணம். சம்பந்தி வீட்டார் வரிசையா நிக்கிறாங்க. பஸ் டிப்போ சட்டையும் கையெல்லாம் கிரீஸுமா வந்து நிக்கிறான், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா! நம்ம அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறப்பகூட இஸ்திரி போட்ட சட்டையோட போன மனுஷன்.

— அதான் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டீங்களே.

— ஏன்டா இப்படி வந்தேன்னு கேட்டேன்ல? கல்லுளிமங்கன் மாதிரி நின்னான். இங்கயும் பாரு, ராஜா கேக்குறாரு, அவன் வாயடைச்சு நிக்கிறான். தப்புப் பண்ணவனுக்கு வாய் ஏது?

— தப்புப் பண்ணவன்தாண்ணே முதல்ல வாயத் தொறப்பான். சாக்கு நாக்கு நுனியில இருக்கும்.

— தையக்காரி பிரசங்கம் பண்ண வந்துட்டா!

— துணியப் பத்தின பிரசங்கம்தானே. அது எனக்கும் கொஞ்சம் தெரியும்.

— அப்ப நீயே சொல்லு. அவன் ஏன் பேசல?

— அந்தச் சுவத்துல உங்க மகன் கல்யாணப் போட்டோவப் பாருங்க. கோட்டப் பாருங்க.

— தினம் பாத்து வயிறு எரியுறேன். கை ரெண்டு விரக்கடை நீளம். அளவெடுத்துத் தச்ச லட்சணம்!

— கடைக்காரன் சரியாத்தான் தச்சான். போட்டோவுல இருக்கறது அந்தக் கோட்டு இல்ல. சின்னண்ணன் கோட்டு.

— என்ன உளர்ற?

— ஷிப்ட் முடிஞ்சு நேரா பின்வாசல் வழியா வந்தார். உள்ள டிப்போ சட்டைதான், கோட்டு மறைச்சிடும்னு மேல போட்டுட்டு வந்தார். நீங்க முன்னால சம்பந்திய வரவேத்துக்கிட்டு இருந்தீங்க. அவர் கழட்டிக் குடுத்தார். முதுகுல நாலு தையல் போட்டுப் பிடிச்சு உங்க மகனுக்கு மாட்டிவிட்டேன். கை மடிக்க நேரமில்ல. பதட்டத்துல அவனுக்கே தெரியல.

— அப்ப என் மகன் கோட்டு?

— முதுகுல இஸ்திரிப்பெட்டி அளவுக்கு ஓட்டை.

— யார் பண்ணது?

— ராத்திரியெல்லாம் வீட்டு ஆளுங்க துணிகளத் தச்ச அசதிண்ணே, பெட்டிய வச்சமேனிக்கு நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டேன். உன் பேரு வெளிய வராதுன்னு சொல்லிட்டுத்தான் அவர் முன்வாசலுக்கு வந்தார். அவர் வாயத் தொறந்திருந்தா, இந்த ஆறு வருஷமும் உங்க வாசலுக்கு வெளிய நின்னிருக்கிறது நான்.