எச்சிக் கிணறு

பர்மாவுல குண்டு விழுந்த காலம்னு வச்சுக்கோங்க. இதே செவ்வல்குறிச்சிதான். இங்க வெயிலுகந்தானு ஒருத்தி இருந்தாளாம். எங்க அப்பாவுக்கு அத்தை. கல்யாணமாகி ஒரே வருசத்துல புருசன் செத்துட்டான். ரயிலடிக்குப் பக்கத்துல பட்டாளத்துக்காரன் கூடாரம் போட்டு ஆஸ்பத்திரி வச்சான். ஆயா வேலைக்கு ஆள் வேணும்னான். ஊர்ல ஒருத்தியும் போகல. இவ போனா.

அங்க என்ன வேலைங்கீய? கை போனவன், கால் போனவன், வயித்தால போறவன். அத்தன பேரையும் கழுவினா, தொடச்சா, கட்டுத்துணியக் கொதிக்க வச்சா. மூணு வருசம் கழுவினா, தொடச்சா, கொதிக்க வச்சா. "யம்மா"னு கத்துனவன் என்ன சாதினு இவ கேக்கலயாம்.

சண்ட முடிஞ்சுது. தகரப்பெட்டியோட ஊருக்கு வந்தா. ஊர்க் கிணத்துல போயி கயித்தப் பிடிச்சா. நாட்டாமை குத்தாலிங்கம் ஓடி வந்தாராம்.

"ஏட்டி, கயித்த விடு! கண்டவன் பீயையும் சீழையும் அள்ளுன கை அது. இந்தக் கிணத்த நீ தொடப்பிடாது."

சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற சிரிச்சானாம். ஆமா, இனி அவனுக்கு மரியாத கெடையாது, கேட்டுக்கோங்க.

வெயிலு ஆத்துமணல்ல ஊத்துத் தோண்டினா. அந்தத் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிச்சா.

மறு வருசம் வாந்திபேதி வந்துது. வீட்டுக்கு வீடு பொணம். நாட்டாமையும் படுத்தான். பெத்த மகன் மூணு பேரும் தோட்டத்துக்கு ஓடிட்டானுவ. பொண்டாட்டி ஆவுடையம்மா மட்டும் வெயிலு வாசல்ல வந்து நின்னா. "தாயி, ஒரு எட்டு வா."

வெயிலு போனா. எதச் சொல்லி அவள வெரட்டினானோ அதுலயே கெடக்கான் மனுசன். கழுவினா, தொடச்சா, கொதிக்க வச்சா. உப்புக் கஞ்சிய ஒவ்வொரு கரண்டியா ஊட்டினா. ஏழு நாளு.

கண்ணத் தொறந்தவன் அவ கையப் பிடிச்சு அழுதானாம். "உனக்கு என்ன வேணும், கேளு."

"ஒண்ணும் வேண்டாம். ஊர்க் கிணத்துல நானே ஒரு வாளி இறைக்கணும்."

"வெள்ளிக்கிழம வா. கயித்த நானே உன் கையில தாரேன்."

வெள்ளிக்கிழம கொடத்தோட போனா. அங்க என்ன நடக்கு? இவன் கிணத்தடியில ஒக்காந்து, கோமியம் தெளிச்சுத் தீட்டுக் கழிக்கான். இவ தொட்ட தீட்டாம்! "முடியாம கெடக்கையில ஏதோ சொல்லிட்டேன், ஊரு ஒத்துக்காது"ங்கான். உசுரு வேணும், அதக் குடுத்த கை வேண்டாம். இது மனுசப் பெறவியா? சீ!

வெயிலு ஊத்துப் பக்கம் திரும்பினா. வெறுங்கொடம் இடுப்புல இருக்கு. ஆவுடையம்மாதான் முன்னால வந்தா. வாய் நெறைய வெத்தல. புருசன ஒரு பார்வ பாத்தா. கிணத்துக்குள்ள குனிஞ்சு காறித் துப்பினா.

"இந்தாங்க, உங்க சுத்தத்த நீங்களே குடிங்க"ன்னா.

தண்ணி எடுக்க வந்து பின்னால நின்ன பொம்பளைக ஒவ்வொருத்தியா வந்து துப்பினாளுவ. அப்படியே கொடத்தத் தூக்கிட்டு வெயிலு பின்னாலயே ஊத்துக்குப் போயிட்டாளுவ. அன்னையோட கிணறு பாழு. எச்சிக் கிணறுனு பேராச்சு. இன்னைக்கும் இந்த ஊருக்கு வார மருமக மொதக் கொடம் வெயிலு ஊத்துலதான் எடுக்கணும். போற வழியில கிணத்துல ஒரு தடவ துப்பிட்டுத்தான் போகணும்.

போன வருசம் நாட்டாமை பேரன் கிணத்து மேல கல்லு வச்சான். 'போரில் பணியாற்றிய வீரமங்கைக்கு எங்கள் தாத்தா குத்தாலிங்கம் வழங்கிய கிணறு'னு வெட்டிருக்கான். கூசாம வெட்டிருக்கான்! காலேஜ்ல இருந்து வந்த நீங்க ரெண்டு பேரும் அதத்தான மொதல்ல போட்டோ எடுத்தீய. "கல்லெல்லாம் செவப்பா இருக்கே, குங்குமம் வச்சுக் கும்பிடுதீயளா"னு கேட்டீய.

குங்குமம் இல்ல தாயி. வெத்தல எச்சி. காலையில நான் துப்புனது இன்னும் காயல.