பானை தொங்கும் ஊரில் கள்ளுக்கடை இல்லையாம்!

கேரளம் என்றொரு ராஜ்யம் பிறந்த மாதம் அது. அதே மாதக் கடைசியில்தான் அரியலூர்ப் பக்கம் வெள்ளத்தில் பாலம் போய், ரயில் ஆற்றில் விழுந்தது. சித்தூர்ச் சந்தையில் அந்த ரயிலைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஆண்டை எண்ணில் எழுதச் சொன்னால் இந்த ஆறுச்சாமிக்குத் தெரியாது. அந்த மாதம் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று கேளுங்கள், சொல்கிறேன்! கிழக்கே கணவாயிலிருந்து வீசியது. தென்னைகளெல்லாம் தூக்கத்தில் பேசுவதுபோல் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

சிரிப்பை அடக்கிச் சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் தலைவர் சைனுதீன் ராவுத்தர் அவர்களே! என்னோடு வயதைப் பங்கிட்டுக்கொண்ட பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே! எழுத்தறியாத என்னை இந்த வாசகசாலையின் ஆண்டு விழா மேடையில் ஏற்றி, "வெளியூர் போனால் நல்ல கள்ளைக் கண்டுபிடிப்பது எப்படி?" என்று தலைப்பும் தந்த வம்புக்கார வாலிபர்களே! வணக்கம்.

தாய்மார்களே, முகத்தைச் சுளிக்காதீர்கள். இது ஒரு கல்யாணக் கதை.

நல்ல கள்ளை எங்கே தேடுவது? வாசலில் மாட்டிய பலகையிலா? வரவேற்கும் வாயிலா? வறுத்த மீனின் வாசத்திலா? இல்லை! மரத்திலிருந்து இறங்கியவன், இடுப்புப் பானையை இறக்கி வைத்துவிட்டு, தன் கைக்காசைக் கொடுத்து எங்கே உட்கார்ந்து குடிக்கிறானோ, அங்கே! தான் இறக்கியதில் எவன் தண்ணீர் கலப்பான் என்பது அவனுக்குத் தெரியாதா?

அன்று எல்லைக்கு அப்பால், தமிழ்ச் சீமையில், மதுவிலக்கு. மரம் இருந்தது, மரத்தில் பாளை இருந்தது, பாளையில் பானை இல்லை. இப்பால் நம் நல்லேப்பிள்ளி. அதே மண், அதே மழை, அதே மரம். மரத்துக்கு மரம் பானை!

அப்பாலிருந்து, பொள்ளாச்சிப் பக்கத்துப் பொங்கியண்ணன், தம் மகளை எனக்குக் கொடுப்பதற்கு முன் எங்கள் வீடு பார்க்க வருவதாகச் சேதி வந்தது. என் தாயார் ராமாத்தாள் ஒரு கணக்குப் போட்டார். மதுவிலக்குச் சீமைக்காரர் கள்ளின் வாடையே ஆகாதவராகத்தான் இருப்பார் என்ற கணக்கு! உடனே மாணிக்கனின் கள்ளுக்கடைக்கு, நம் பேச்சில் கள்ளுச்சாப்புக்கு, ஓலைத்தட்டி போட்டு அடைக்கச் சொன்னார். வீடு வீடாகப் போய், "கள்ளுன்னு கேட்டா என்னன்னே தெரியாதுன்னு சொல்லிப்போடுங்க சாமி" என்று சத்தியம் வாங்கினார். எல்லாவற்றையும் மறைத்தார், மரத்துப் பானைகளை மட்டும் மறந்தார்!

வந்தவர் காலையிலேயே தனியாக வந்தார். வந்ததும் பெட்டிக்கடையில் கேட்டார். கடைக்காரர் பரீது ராவுத்தர், நம் தலைவரின் தகப்பனார்.

"ஏனுங் ராவுத்தரே, இங்க நல்ல கள்ளு எங்கீங்க கெடைக்கும்?"

"கள்ளுங்களா? இந்த ஊர்லீங்களா? நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே!"

சொல்லி வாய் மூடவில்லை. மேலே தென்னையில் பானை நிரம்பி வழிந்து, ஒரு சொட்டு அவர் கடைப்பலகையிலேயே விழுந்தது!

சிரிக்கலாம், சிரிக்கலாம். தலைவரே சிரித்துவிட்டார்.

அப்புறம் வயலில் கேட்டார், வாய்க்காலில் கேட்டார். "மோர் இருக்குதுங்க, குடிக்கறீங்களா?" என்றது ஊர். கடைசியில், மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"ஏந் தம்பி, மரத்துக்கு மரம் பானை தொங்குது. கேட்டா இல்லீங்குது இந்த ஊரு. பானை பொய்யா, இவிக வாய் பொய்யா? இப்பேர்ப்பட்ட ஊர்லயா என்ற புள்ளையக் குடுக்கறது? நான் வந்த வழியே போறேன்."

யாரென்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணை ஒரே ஒருமுறை சித்தூர்ச் சந்தையில் பார்த்திருந்தேன். தலையில் கூடை, கூடை நிறைய வெயில், வெயிலுக்குக் கீழே ஒரு சிரிப்பு. அன்றிலிருந்து நான் நடந்ததெல்லாம் தரையில் இல்லை. இப்போது உண்மையைச் சொன்னால், என் தாயாரின் கணக்குப்படி நான் குடிகாரன். சொல்லாவிட்டால் அந்தச் சிரிப்பு பொள்ளாச்சிக்கே போய்விடும். என்ன செய்வது? எதைச் சொல்வது?

"வாங்க, காட்டறேன்" என்றேன்.

சாப்பின் பின்புறத் தட்டியை விலக்கினேன். உள்ளே மரமேறிகள் மூச்சுக் காட்டாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாணிக்கன் ஒரு கோப்பை ஊற்றினான். நுரையா அது? விடிகாலைப் பனி வந்து கோப்பையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. பெரியவர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். வெளியே காற்று, காற்றுக்குள் ஓலைச் சத்தம், ஓலை இடுக்கில் வந்த வெயில் அவர் முகத்தில் மெல்ல ஆடியது. எல்லையும் இல்லை, சட்டமும் இல்லை. அவர் எங்கோ மிதந்துகொண்டிருந்தார்.

கண் திறக்காமலே கேட்டார். "நீ குடிப்பியா?"

"காலைக் கள்ளு ஒரு கோப்பைங்க."

"யாரு ஊட்டுப் பையன்?"

"ராமாத்தாள் ஊட்டுப் பையனுங்க. நீங்க பாக்க வந்தது என்னையத்தானுங்க."

அதற்குள் சேதி எட்டிவிட்டது. தட்டிக்கு வெளியே என் தாயாரின் குரல்: "அடப் பாவி ஆறுச்சாமி, கெடுத்துப்போட்டியேடா!"

பெரியவர் மீசை நுரையைத் துடைக்காமலே எழுந்து வந்தார்.

"கெடுக்கலீங்க சம்பந்தி. எம் புள்ள சொல்லித்தான் உட்டுச்சு. 'அப்பா, ஊடு பெருசா காடு பெருசான்னு பாக்காதீங்க. போனதும் கள்ளுச்சாப்பு எங்கேன்னு கேளுங்க. பொண்ணெடுக்கற ஊரு இதத்தான் மொதல்ல மறைக்கும். மறைக்காம நெசஞ் சொல்றவன் ஒருத்தனாச்சும் இருந்தா, அந்த ஊருக்கு என்னையக் குடுங்க'ன்னுச்சு. ஒருத்தன் சொன்னான். அவன் உங்க பையனாப் போயிட்டான்!"

வாலிபர்களே! வெளியூர் போங்கள், நல்ல கள்ளைத் தேடுங்கள். ஆனால் கள்ளை மட்டுமா தேடுகிறோம்? முன்பின் தெரியாத ஊரில் முகம் தெரியாத ஒருவன் நம் கேள்விக்கு நெஞ்சறிந்த பதிலைச் சொல்வானா என்றல்லவா தேடுகிறோம்? அவன் கிடைத்தால் கள்ளும் கிடைக்கும், கண்ணியமும் கிடைக்கும். சில பேருக்குக் கல்யாணமும் கிடைக்கும்!

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. தகப்பனாரைச் சபையில் இழுத்தும் கோபிக்காத தலைவருக்கு நன்றி. பொங்கியண்ணன் போய்விட்டார். தாயார் போனார், பரீது ராவுத்தர் போனார், மாணிக்கனும் போனான். என்னை விட்டால், அந்தக் கதையில் இன்று உயிரோடிருப்பவர் ஒரே ஒருவர். தாய்மார் வரிசையில் உட்கார்ந்து, 'போதும், இறங்குங்க' என்று இப்போதும் கையைக் காட்டுகிறார் பாருங்கள். இறங்குகிறேன். இந்த மேடையிலிருந்து என் கடைசி வணக்கம் அவருக்கு: நாச்சம்மாள்!