வெட்டாத வளையம்

தங்கமயில்: இத எங்க இருந்து எடுத்தேன்னு சொல்லட்டா?

பூலோகம்: எதட்டி?... ஓ, இதா! உன் மூட்டைல இருந்து எலி இழுத்துட்டுப் போயிருக்கும். நாள் முழுக்க கம்பவுண்டுல பிளாஸ்டிக் பிரிக்கது பத்தாதுன்னு வீட்டுக்கும் ஒரு மூட்டை கொண்டு வாரேல்லா.

தங்கமயில்: அந்த எலி பரண்ல ஏறி, பெட்டிக்குப் பின்னால, உங்க டெம்போ தார்ப்பாய்க்குள்ள சுத்தி வச்சிருக்கு. நல்ல எலி.

பூலோகம்: பம்பாய் எலி... எதுவும் செய்யும்.

தங்கமயில்: ஆறு கோலா டப்பாவச் சேத்துப் பிடிக்க பிளாஸ்டிக் இது, டப்பாவுக்கு ஒரு வளையம். தெரியுமா, தெரியாதா?

பூலோகம்: பாத்திருக்கேன்... கடைல.

தங்கமயில்: இந்தா, கத்திரியால வெட்டியிருக்கு. வளையத்த வெட்டிட்டுப் போடுத ஆளு இந்தத் தாராவில யாரு இருக்கா?

பூலோகம்: நீ.

தங்கமயில்: அப்புறம்?

பூலோகம்: நம்ம ஷாலினி.

தங்கமயில்: உங்க மக ஒரு வாரமா மான்குர்த்துல அத்தை வீட்டுல கெடக்கா. அப்புறம்?

பூலோகம்: அப்புறம்... அப்புறம் வந்து...

தங்கமயில்: வாயில என்ன, கொழுக்கட்டையா?

பூலோகம்: சரிட்டி... நான்தான். காட்கோபர்ல லோடு இறக்கும்போது, நசுங்குன டப்பான்னு கடைக்காரன் சும்மா குடுத்தான்.

தங்கமயில்: சும்மா குடுத்தா குடிச்சிருவியளா? கால் சுண்டு விரல எடுத்தாச்சு. சுகர் குறையலன்னா அடுத்தது பாதம்னு டாக்டர் உங்க மூஞ்சியப் பாத்துதான சொன்னாரு? இனிமே சீனித்தண்ணியத் தொட மாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணினியளே!

பூலோகம்: மெதுவாட்டி... பக்கத்துல சுஷ்மா வீட்டுக்குக் கேக்கும்.

தங்கமயில்: கேக்கட்டும்! காலு போச்சுன்னா டெம்போவ யாரு ஓட்டுவா? உங்கள இந்த ஏணிப்படில யாரு தூக்கிட்டு எறங்குவா?

பூலோகம்: தப்புதான்... ஆனா ஒண்ணு. களவாணித்தனத்துலயும் உன் சட்டத்த நான் மீறல பாத்தியா? ஒரு டப்பாவ உருவினா, உடனே ஒரு வளையத்த வெட்டிருவேன்.

தங்கமயில்: அதுக்கு மாலை போடணுமாக்கும்! பேசாம சாக்கடை நாலாவுல வீசியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

பூலோகம்: வீசத்தான் போனேன். நாலா நேரா மாஹிம் காடிக்கு, கடல் கழிமுகத்துக்குல்லா போகுது... அங்க ஒரு கொக்கு நின்னுச்சே, கழுத்துல வளையம் மாட்டி, மீன முழுங்க முடியாம... அதப் பாத்துட்டு நீ வீட்டுக்கு வந்து சோறே திங்கல. அது ஞாபகம் வந்துட்டு.

தங்கமயில்: வெட்டினது கழுத்துல மாட்டாதுல்லா.

பூலோகம்: துண்டு துண்டாப் போயி மீன் வயித்துல சேரும்னு லெக்சர் அடிச்சது யாரு? நாலாவுல போட மனசு வரல, உன் மூட்டைல போட தைரியம் வரல. சொந்த வீட்டுல திருட்டுச் சாமானுக்குக் காவல் இருந்தேன்!

தங்கமயில்: சிரிக்க வைக்காதிய. நான் கோவமா இருக்கேன்.

பூலோகம்: சிரிச்சாச்சு, சிரிச்சாச்சு... ஏட்டி, பொறு. அத இங்க குடு.

தங்கமயில்: எதுக்கு? நானே மூட்டைல போட்டுருதேன்.

பூலோகம்: குடுட்டி... அஞ்சு வெட்டியிருக்கு. ஆறாவது வளையம் முழுசா இருக்கே!

தங்கமயில்: மறந்திருப்பிய.

பூலோகம்: நான் குடிச்சதே அஞ்சுதான். ஆறாவது டப்பா இதுலயேதான் தொங்கிட்டுக் கெடந்துச்சு. அது எங்க?

தங்கமயில்: எலி...

பூலோகம்: எலி டப்பாவத் தொறந்து குடிச்சிட்டு ஏப்பம் விட்டுதாக்கும்! அரே, இங்க பாரு... உன் முழியே சரியில்ல. நீயா?

தங்கமயில்: மெதுவாப் பேசுங்க... சுஷ்மா வீட்டுக்குக் கேக்கும்.

பூலோகம்: அட என் தங்கமே! ஊரு பூரா வளையத்த வெட்டச் சொல்லுத கை, வெட்டாம உருவியிருக்கு! ஒளிச்சுக் குடிச்சிட்டு என்னைய நிக்க வச்சுக் கேள்வி வேற... எங்கிட்ட கேட்டிருந்தா நானே தந்திருப்பேன்லா.

தங்கமயில்: கேக்கத் தோணல... வெட்டணும்னும் தோணல. அழுதுட்டேல்லா குடிச்சேன்.

பூலோகம்: ஒரு கோலாவுக்கு அழுகையாட்டி?

தங்கமயில்: அன்னைக்கு ஆஸ்பத்திரில நீங்க மருந்து வாங்க வரிசைல நின்னிய... அந்த நர்ஸம்மா சும்மா கெடக்காம என் விரலையும் குத்திப் பாத்தா. இதுதான் கடைசின்னு நெனச்சுக் குடிச்சேன். எனக்கும் சுகர் இருக்காம்.