பின்சுவரை நான் இடித்ததற்கான காரணம்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது எழுபத்தொன்று. வரைபட அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மருமகன் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்படுகிறேன். பதற்றத்தில் முன்பின்னாகப் பேசிவிடுவேன் என்பதால் சொல்லவேண்டியதைப் பிரித்துக்கொள்கிறேன்.

1. வீட்டை வாங்கியது.
2. மேஸ்திரி எங்களை எச்சரிக்காமல் விட்டது.
3. விரிசலின் மேல் நான் ஒட்டிய கண்ணாடி.
4. நேற்று சுவரை இடித்தது.

என் மருமகன் பழைய வீடுகளை வாங்கி, புதுப்பித்து, வாடகைக்கு விடுபவர். சென்ற ஆண்டு இந்த வீட்டை வாங்கியபோது என்னையும் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். மேலே ஒரு மாடி எழுப்பும் முன் அஸ்திவாரத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். அதற்கு அவர், "என்ன மாமா, பொண்ணு குடுக்கும்போது என்னையே இவ்வளவு தோண்டிப் பாக்கலையே!" என்று சிரித்தார். இருந்தும் பின்சுவர் ஓரம் ஒரு குழி தோண்டச் சம்மதித்தார்.

மேஸ்திரி குழி தோண்டினார். அதில் கண்டதை எங்கள் இருவரிடமும் சொல்லாமல் மூடிவிட்டார். அதன்பிறகு மாடி எழும்பியது. கீழ்த்தளத்துக்குத் தையல்காரப் பெண் ஒருவர் தம் இரண்டு மகள்களோடு குடிவந்தார்.

அதன்பிறகு, மார்ச் மூன்றாம் தேதி, அவர் என்னிடம், "அய்யா, பின்கதவு சாத்தவே மாட்டேங்குது. ரெண்டு தடவை சீவிக் குடுத்தாங்க, மறுபடியும் தரையில உரசுது" என்றார். போய்ப் பார்த்தேன். கதவின் மேல்மூலையிலிருந்து கூரை வரை சுவர் சாய்வாக வெடித்திருந்தது. சுவர் அசைகிறதா என்று அறிய, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதினேன். ஒன்பதாம் நாள் அது உடைந்திருந்தது. நான் ஒட்டியதில்தான் குறை என்று எண்ணி இன்னொன்று ஒட்டினேன். அதுவும் உடைந்தது. என் கை நடுங்கியிருக்கும் என்று மூன்றாவதாக ஒன்றை ஒட்டினேன். அதுவும் உடைந்தபிறகே மருமகனிடம் சொன்னேன். அவர், "பழைய வீடுன்னா நாலு கோடு விழத்தான் செய்யும் மாமா. உங்க மூஞ்சில இல்லையா?" என்றார்.

அதன்பிறகு நேற்றுக் காலை சென்றபோது அந்தச் சுவர் வழவழப்பாக இருந்தது. கண்ணாடியோடு சேர்த்துப் பூசி, மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள். அந்தச் சுவரை ஒட்டித்தான் பிள்ளைகளின் பாய் விரித்திருந்தது. மூவரையும் தெருவுக்குப் போகச் சொல்லிவிட்டு, பக்கத்து வேலையிடத்தில் கடப்பாரை வாங்கிவந்து சுவரை இடித்துப் பூச்சைப் பெயர்த்தேன். விரிசலுக்குள் என் இரண்டு விரல்கள் கணுவரை நுழைந்தன.

அப்போது மருமகன் வந்தார். "நாளைக்கு மாடிக்கு ஆள் குடி வராங்க. உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்று கத்தினார். கடப்பாரையை அவரை நோக்கி ஓங்கினேன் என்று புகாரில் உள்ளது. நான் ஓங்கவில்லை. ஆனால் அவர் கீழே போடச் சொன்னபோது போடவும் இல்லை. "அந்தப் பாயில நீ ஒரு நாள் படுடா" என்றேன். மருமகனை அதுவரை நான் ஒருமையில் அழைத்ததில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கப்போவதும் இல்லை. அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் இன்றே வேறிடத்தில் தங்கவைக்க வேண்டும், மாடிக்கு எவரையும் விடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேற்கண்டவற்றை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். எழுதியதை அடிக்கக்கூடாது என்பதால் கீழே சேர்க்கச் சொல்கிறேன். இரண்டாவதாக நான் சொன்னது தவறு. மேஸ்திரி எச்சரித்தார். குழியின் விளிம்பில் நின்றிருந்த என்னிடம், "அஸ்திவாரம் ஒண்ணரை அடியிலயே முடிஞ்சிருச்சு அய்யா. அதுக்குக் கீழ வெறும் குப்பைமண்ணு. மேல கட்டுனா தாங்காது. மருமகன்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். மருமகன் சிரிப்பாரே என்று பயந்து அவரிடம் சொல்லவில்லை. குழியை மூடச் சொன்னதும் நான்தான்.

இத்திருத்தத்தோடு சேர்த்துப் படித்தால் மட்டுமே இவ்வாக்குமூலம் உண்மை என்று அறிந்து கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)