ஊதாப் பட்டை கேட்ட பதினோராம் கேள்வி

மணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இன்னும் அடிக்காமல் பெருந்தன்மையோடு வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே, அரசியல் உளவியலில் ஆண்டின் சிறந்த ஆய்வு எதுவென்று ஆராய்ந்து விருதளிக்கும் நடுவர் பெருமக்களே, என்னை ஆளாக்கியவரும் இந்த வாரம் முழுக்க என்னோடு பேசாதவருமான என் வழிகாட்டிப் பேராசிரியர் அவர்களே, அறிவில் மூத்த சான்றோர்களே, வீட்டு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் பின்சுவரோரம் நிற்கும் பாலத்தடித் தெரு மக்களே, உங்கள் அனைவரின் முன்னும் தலை வணங்கித் தொடங்குகிறேன்.

தொடங்குமுன் ஒரு சின்னக் கேள்வி. அரங்கம் வசதியாக இருக்கிறதா? வசதி என்பவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம்.

அடேயப்பா, எல்லாக் கைகளும் எழுந்துவிட்டன. முன்வரிசையில் ஒரு ஐயா இடக்கையால் அழைப்பிதழை விசிறிக்கொண்டே வலக்கையைத் தூக்கியிருக்கிறார். நன்றி ஐயா, கையை இறக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு நான் திரும்பி வருவேன்.

இன்று எனக்கு விருது தரப்போகிறார்கள். எதற்காக? பாலத்துக்குக் கீழே இருக்கும் ஒரு தெருவை இடித்துவிட்டு, அங்கிருக்கும் மக்களை நகரத்துக்கு வெளியே, பேருந்தே போகாத அடுக்குமாடிகளுக்கு மாற்ற ஒரு திட்டம் வந்தது. மக்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராயப் போனேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். இருபது கேள்விகள். பதினோராம் கேள்வி இது: "இந்த இடமாற்றத்துக்கு மனமுவந்து சம்மதிக்கிறீர்களா?"

முதல் வீடு சம்மதம் என்றது. மூன்றாம் வீடு சம்மதம் என்றது. முந்நூற்றுப் பன்னிரண்டாம் வீடும் முகம் மலர்ந்து சம்மதம் என்றது. வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு தெருவே ஒரே குரலில் சம்மதமா? ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு உப்பு சரியா என்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். இங்கே ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் வரவில்லை? வந்த விடை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

என் வழிகாட்டி அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமான தரவு என் சர்வீஸ்லயே பாத்ததில்லம்மா, கண்ணு பட்டுடப் போகுது" என்றார். அரசின் மீது எளியோர் வைத்திருக்கும் நம்பிக்கை என்று நாற்பது பக்கம் எழுதினேன். நாலு பேர் பாராட்டினார்கள். நடுவர் குழு தேர்ந்தெடுத்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

விருதுச் செய்தி வந்த கையோடு, இந்த விழாவுக்கு உடுத்துவதற்காக என் புடவைகளையும் பழைய கோட்டையும் சலவைக் கடையில் கொடுத்திருந்தேன். வாங்கப் போன அன்று, அதே பாலத்தடித் தெருவில் குடியிருக்கும் கடைக்கார அக்கா கோட்டுப் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒன்றை மேசைமேல் போட்டார். அடையாள அட்டை தொங்கும் கழுத்துப்பட்டை. ஊதா நிறம். அதை விரல் நுனியால்தான் தொட்டார்.

"இது உங்களோடதாம்மா?"

"ஆமாக்கா. உங்க தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தப்போ போட்டுக்கிட்டது."

"அப்போ நீங்க இடிக்கிற ஆபீஸ் ஆளு இல்லையா?"

"இல்லக்கா. நான் கல்லூரியில பாடம் எடுக்குறவ. ஆராய்ச்சிக்கு வந்தேன்."

அக்கா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அடிப்பாவி, இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன? போன வருஷம் இதே பட்டைய மாட்டிக்கிட்டு வந்தவங்கதான் முக்குல இருந்த ஏழு கடையையும் ஒரே காலையில தரைமட்டமாக்கிட்டுப் போனாங்க. அதே பட்டையோட நீங்க வந்து கதவத் தட்டி, சம்மதமா, மனசாரச் சம்மதமான்னு கேட்டா நாங்க என்ன சொல்றது? சம்மதம்னு சொன்னாத்தானே வாசல விட்டு நகருவீங்க. பேனாவ வேற திறந்து வச்சிக்கிட்டு நின்னீங்க."

சபையோரே, நடந்தது இவ்வளவுதான். எங்கள் துறையின் சாமான் அறையில் பட்டை தீர்ந்துபோயிருந்தது. இடிப்புப் பிரிவு அலுவலகத்தில் மிச்சமிருந்த பட்டைகளை யாரோ கேட்டு வாங்கி வைத்திருந்தார்கள். நான் கேள்விகளை ஆறு முறை திருத்தினேன். சொல்லுக்குச் சொல் எடை பார்த்தேன். பதினோராம் கேள்வியில் "மனமுவந்து" வேண்டுமா "விரும்பி" வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கழுத்தில் என்ன தொங்குகிறது என்று மட்டும் குனிந்து பார்க்கவில்லை. அச்சத்தை ஆராயப் போனவள் அச்சத்தை அணிந்துகொண்டு போனேன். அந்தத் தெரு எனக்குச் சொன்னது சம்மதம் அல்ல. அது உயிர் தப்ப ஒரு தெரு கற்றுவைத்திருந்த ஒரே பதில்.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. எனக்குத்தான் அன்று அழுகை வந்தது.

திரும்பப் போனேன். பட்டை இல்லை, பேனா இல்லை, அக்கா மட்டும் கூட வந்தார். "இவங்க அவங்க ஆளு இல்ல, ஏமாந்த டீச்சரு" என்று ஒவ்வொரு வாசலிலும் என்னை அறிமுகப்படுத்தினார். இரண்டு மாதம் நடந்தோம். அதே முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், அதே பதினோராம் கேள்வி. சம்மதம் என்றவை ஒன்பது வீடுகள். அந்த ஒன்பதும் உண்மையான சம்மதம். கூரை ஒழுகி ஒழுகிச் சலித்தவர்கள், எங்கேயாவது காய்ந்த தரை கிடைத்தால் போதும் என்றார்கள். மற்ற எல்லா வீடுகளும் மாட்டோம் என்றன. சிலர் மெல்லச் சொன்னார்கள், சிலர் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திச் சொன்னார்கள். சாத்தப்பட்ட ஒவ்வொரு கதவும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

உடனே நடுவர் குழுவுக்கு எழுதினேன்: என் ஆய்வு தவறு, திரும்பப் பெறுகிறேன், விருது வேண்டாம். விடையாக என் வழிகாட்டியிடமிருந்து தொலைபேசி வந்தது. அவரை அவமதிக்க இதைச் சொல்லவில்லை. அவர் நல்லவர், பதறிவிட்டார்.

"அழைப்பிதழ் அச்சடிச்சாச்சும்மா. இப்போ வாங்கிக்க. திருத்தத்த அடுத்த இதழ்ல போட்டுக்கலாம்."

"அடுத்த இதழ் எப்போ சார் வரும்?"

"ஆறு மாசத்துல."

"அதுவரைக்கும் தெரு நிக்குமா சார்?"

அதோடு தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஏன் அப்படிக் கேட்டேன்? இதோ இடிப்பு ஆணையின் நகல். மூன்றாம் பக்கத்தைப் படிக்கிறேன்: "குடியிருப்போர் அனைவரும் மனமுவந்து சம்மதித்துள்ளனர் என்பது விருது பெற்ற ஆய்வினால் நிறுவப்பட்டுள்ளது." விருது பெற்ற ஆய்வாம். ஆணையில் போட்டிருக்கும் தேதி போன மாதம். பெருமக்களே, பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை அந்த ஆணை விசாரணைக்கு வருகிறது. இன்று நான் இந்தக் கேடயத்தைக் கையில் வாங்கினால், முந்நூற்று மூன்று வீடுகளின் கதவை என் கையாலேயே கழற்றிக் கொடுத்தவள் ஆவேன்.

துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. "சுருக்கிக்கொள்ளவும்." சுருக்கிக்கொள்கிறேன் ஐயா, முந்நூற்று மூன்று வீட்டை எப்படிச் சுருக்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

மணியும் அடித்துவிட்டது. அடிக்கட்டும். விருது என்றால் என்ன? தவறில்லாதவர் என்ற சான்றிதழா? தவறு தெரிந்த பிறகு வாய் மூடியிருப்பதற்கான கூலியா? மனித மனத்தைப் படிக்கிறோம், மனித பயத்தைப் படிக்கிறோம், அதிகாரத்தின் முன் ஆள் ஏன் தலையாட்டுகிறான் என்று ஆயிரம் பக்கம் எழுதுகிறோம். எழுதிவிட்டு இந்த மேடையில் ஏறி நாமும் தலையாட்டினால், நாம் படித்த படிப்பைக் கொண்டுபோய் எந்தக் குப்பையில் கொட்டுவது? நான் தலையாட்ட மாட்டேன். கேடயம் மேசையிலேயே இருக்கட்டும். என் ஆய்வைத் திரும்பப் பெறும் கடிதத்தை இன்று காலையே விசாரணை அதிகாரியிடம் நேரில் கொடுத்து, கையெழுத்து வாங்கி வந்திருக்கிறேன். வேலை போகும் என்கிறார்கள். போனால் போகட்டும். சலவைக் கடையில் மடித்து வைக்க ஆள் வேண்டுமாம். அக்கா ஏற்கெனவே என்னைப் பார்த்து, "உங்களுக்கு மடிப்பு நேரா வராது டீச்சர்" என்று சொல்லிவிட்டார். அதையும் கற்றுக்கொள்வேன்.

இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன். இன்று வாசலில் நம் எல்லோர் கழுத்திலும் ஒரு பட்டை மாட்டினார்கள். குனிந்து பாருங்கள். என்ன நிறம்? ஆமாம், அதேதான். அதே சாமான் அறை, அதே மிச்சம். பின்சுவரோரம் நிற்பவர்கள் அதை வாங்காமலே உள்ளே வந்தார்கள், கவனித்தீர்களா? இதை அணிந்துகொண்டு மேடையில் நின்று வசதியா என்று கேட்டேன். அத்தனை பேரும் கை தூக்கினீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இதோ, கழற்றிவிட்டேன். கேடயத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். இப்போது கேட்கிறேன். அரங்கம் வசதியாக இருக்கிறதா?

"புழுங்குது டீச்சர்."

யார் அது? சலவைக் கடை அக்காவா? இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் அக்கா.

"வேர்த்து ஊத்துது. நாலு ஃபேன்ல ஒண்ணுகூடச் சுத்தல."

கேட்டீர்களா? இப்போது எத்தனை பேர் ஆமாம் என்று தலையசைக்கிறீர்கள் பாருங்கள். முன்வரிசை ஐயா, நீங்களுமா? மகிழ்ச்சி. என் வழிகாட்டி சார், உங்கள் கை பட்டையின் மேல் போயிருக்கிறது. அவசரமில்லை, திங்கட்கிழமை காலை பத்து மணி வரை நேரம் இருக்கிறது. விசாரணையில் அந்தத் தெரு மக்களிடம் பதினோராம் கேள்வி மறுபடி கேட்கப்படும். கேட்பவர்களின் கழுத்தைப் பார்க்க நான் அங்கே இருப்பேன். வர முடிந்தவர்கள் வாருங்கள், வெறுங்கழுத்தோடு வாருங்கள்.

மணியடித்தும் பேசவிட்ட தலைவருக்கு நன்றி. வியர்வையோடு பொறுத்திருந்த உங்களுக்கு நன்றி. என்னிடம் பொய் சொல்லி, பிறகு உண்மையும் சொன்ன அந்தத் தெருவுக்குக் கைகூப்பி வணங்கி விடைபெறுகிறேன்.

யாராவது அந்தச் சன்னலைத் திறந்துவிடுங்கள்.