முதலில் கை வைத்தவருக்கு

உங்கள் ஆட்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள் சார். கேம் பெட்டிகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. என் வீட்டிலிருந்து அள்ளி வந்ததையெல்லாம் வெளியே மேஜைமேல் அப்படித்தான் குவித்திருக்கிறார்கள், வரும்போதே பார்த்தேன். பாரம் ஏறினால் உள்ளே டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்னப் பற்கள் உடைந்துவிடும். அப்புறம் டிஸ்க் உருண்டு உருண்டு கீறல் விழும். புத்தகங்களைத் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அரசாங்க ஆபீஸ், அப்படித்தான் இருக்கும்.

வாயால் சொன்னால் எதிர்வீட்டுக் கதை, மாடிவீட்டுக் கதை என்று இழுக்கிறேன் என்று காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் எதிர்வீட்டுக் கதையை விட்டுவிட்டால் இதில் எழுத எதுவுமே இல்லை.

எதிர் ஃபிளாட்காரருக்கு எங்கள் வட்டத்தில் நீளக்கை என்று பெயர். கை நீளம் என்றால் திருடன் என்று ஆகிவிடுமே என்று, வார்த்தையைத் திருப்பிப் போட்டு அந்தப் பெயரை வைத்தவனே நான்தான். ஆள் ஆறடிக்கு மேல். கைகள் முழங்காலைத் தொடும். எங்கள் வட்டம் என்பது பழைய வீடியோ கேம், பழைய புத்தகம், படங்களின் டிஸ்க் என்று தேடித் தேடி வாங்குகிற ஒரு கூட்டம். எல்லாம் நரைத்த தலைகள். கூட்டத்தில் பாதிப் பேர் வாங்கியதை வீட்டுக்குள் கொண்டுபோகத் தைரியமில்லாமல் ஸ்கூட்டர் டிக்கியிலேயே வைத்திருப்பார்கள்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு. மூடப்போகிற கடையோ, காலிசெய்கிற வீடோ, எங்கே போனாலும் ஒரு பொருளில் முதலில் யார் கை படுகிறதோ அது அவருக்கு. நான்தான் முதலில் பார்த்தேன், நான்தான் துப்புக் கொடுத்தேன் என்பதெல்லாம் செல்லாது. விரல் பட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

துப்புக் கொடுப்பவன் எப்போதும் நான்தான். பார்சல் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாத விஷயம் உண்டா? யார் வீடு மாறுகிறார்கள், எந்தத் தம்பதி தனித்தனி முகவரி கொடுக்கிறார்கள், எந்த வீட்டுப் பெரியவருக்கு மருந்து பார்சல் வருவது நின்றுவிட்டது, எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். மோப்பம் பிடிப்பது நான். கையை நீட்டுவது அவர். ஒருமுறை ஒரு வீட்டுப் பரணில், கலங்கரை விளக்கக் காவலாளி கேம், முதன்முதலாக வெளியான பதிப்பு, உறைகூடப் பிரிக்காதது, என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஏணியில் ஒரு படி ஏறினேன். என் தோளுக்கு மேலே ஒரு கை போனது.

"சாரிப்பா, பட்டுடுச்சு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சட்டம் சட்டம்தான். அப்புறம் அவர் வீட்டில் டீ குடித்தபோதெல்லாம் அந்தப் பெட்டி அலமாரியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குப் பொறாமை கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். பேச்சு இல்லை. கை, கால், கழுத்து எதுவும் இல்லை. கண் இமை மட்டும் அசைந்தது, அதிலும் இடது இமை தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். உள்ளே எவ்வளவு புரிகிறது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

கட்டடமே வந்து பார்த்தது. மாடிவீட்டம்மா ஆப்பிள் வாங்கி வந்தார், விழுங்கவே முடியாதவருக்கு. வயிற்றில் போட்ட குழாயைப் பார்த்துவிட்டு அந்த ஆப்பிளைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டும் போனார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாசலிலேயே நின்று, லிஃப்ட் பழுது பற்றிப் பேசிவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. தினமும் வந்தது நான் ஒருவன்தான். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவர் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். மதியம் அவளுக்குத் துணிக்கடையில் வேலை. எனக்குக் காலை ஷிஃப்ட். அவள் கிளம்பும் நேரத்துக்கு நான் வந்துவிடுவேன், அவள் திரும்பும்வரை இருப்பேன். "நீங்க இல்லன்னா நான் என்னண்ணா பண்ணியிருப்பேன்" என்று தினமும் சொல்வாள். வேலை முடிந்து வந்தால் முகத்தைக் கழுவாமல், செருப்பைக் கழற்றாமல், கட்டிலில் தலைவைத்து அப்படியே தூங்கிப்போவாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

அவருக்குப் புரிகிறது என்று கண்டுபிடித்தது நான்தான். ஒருநாள் மத்தியானம், "கேக்குதாப்பா? ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடு, இல்லன்னா ரெண்டு தடவை" என்றேன். வலது கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். அத்தனை நாளில் யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

அடுத்ததாக நான் கேட்டது அந்தக் கலங்கரை விளக்கப் பெட்டியைப் பற்றி. அலமாரியிலிருந்து எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, "இத நான் வச்சுக்கட்டுமா?" என்றேன். இரண்டு தடவை மூடினார். தெளிவாக, அவசரமே இல்லாமல். அந்த நேரம் பார்த்து, கடையிலிருந்து சீக்கிரமே திரும்பிய தங்கச்சி உள்ளே வந்தாள்.

"என்னண்ணா, கண்ணை மூடி மூடித் திறக்கறாரு?"

"பதில் சொல்றாரும்மா. ரெண்டு தடவைன்னா ஆமான்னு அர்த்தம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது, அவ்வளவுதான். அவள் அவர் நெற்றியில் முத்தம் கொடுத்து அழுத அழுகையைப் பார்த்த பிறகு, இல்லைம்மா நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? பெட்டி என் கையில் இருந்தது. விரல் பட்டிருந்தது.

அவர் கெட்டிக்காரர். மறுநாள் தங்கச்சியின் முன்னால் நான் ஒரு துப்பறியும் நாவலைக் காட்டிக் கேட்டபோது, ஒரே ஒருமுறை மூடிவிட்டு என்னை உறுத்துப் பார்த்தார். புது முறைக்கு மாறிவிட்டார் என்று புரிந்தது. நானும் மாற வேண்டியதாயிற்று. "அழுத்தி மூடினா ஒரு தடவைன்னாலும் ஆமாதாம்மா. இடது கண்ணு துடிக்கறத கணக்குல சேக்கக் கூடாது" என்று விளக்கினேன். அதற்கு அடுத்த நாள் அவர் மெதுவாக மூடினார். அதற்கும் ஆமாம் என்றே ஒரு விளக்கம் இருந்தது. தங்கச்சிக்குத் தடித்த கண்ணாடி, அதன் பின்னால் எப்போதும் கண்ணீர். "எனக்கு இதெல்லாம் பிடிபடலண்ணா, நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் நான்தான் சொன்னேன். நல்லதும் சொல்லியிருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "என்மேல கோவமான்னு கேளுங்கண்ணா. அன்னைக்கு அவருக்குத் தலைவலின்னப்ப நான்தான் மாத்திரையப் போட்டுட்டுப் படுங்கன்னேன்" என்று ஒருநாள் விம்மினாள். அவரைப் பார்த்தேன். அவர் தங்கச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கோவமே இல்லைங்கறாரு. நீ சாப்பிட்டியான்னு கேக்கறாரு" என்றேன். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள். புருஷன்கூட அவ்வளவு நல்ல பதிலைச் சொல்லியிருக்க மாட்டார்.

பொருள்களை நான் திருட்டுத்தனமாக எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டி, கேட்டு, தங்கச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். நகரமே வெள்ளத்தில் மூழ்குகிற படத்தின் வெட்டாத வடிவம். அட்டை தலைகீழாக அச்சாகிப்போன நாவல். இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டிய குதிரை வண்டி கேம். வட்டத்தின் இணையப் பக்கத்தில் இந்த வார அறுவடை என்று போட்டோ போட்டால் ஆட்கள் வயிறெரிந்து போவார்கள். அந்தப் போட்டோக்களையும் அவருக்குக் காட்டுவேன். ஒரு கட்டத்தில் நான் அலமாரிப் பக்கம் திரும்பினாலே கண்ணை இறுக மூடிக்கொள்ள ஆரம்பித்தார். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்தாள். சின்னப் பெண், முதுகில் பை, வாயில் எப்போதும் சூயிங்கம். நாலைந்து நாள் வந்தாள், எப்போதும் காலையில், தங்கச்சி சமையலில் இருக்கும்போது, நான் கவுண்டரில் இருந்த நேரம். எழுத்துகள் போட்ட ஒரு கண்ணாடிப் பலகையைப் பிடித்து, அவர் பார்வை எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்ப்பாளாம். "பழகிட்டா முழு வாக்கியமே சொல்லுவார்னு அந்தப் பொண்ணு சொல்றாண்ணா" என்று தங்கச்சி குதித்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் தலை வாரிப் பூச்சூடி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

முழு வாக்கியம் என்றால் எப்படிப்பட்ட வாக்கியம் என்று எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் அவள் கடைக்குக் கிளம்பும்முன் அவரிடம் கேட்டேன். தங்கச்சியிடம் சொன்னேன்: "அவமானமா இருக்காம்மா அவருக்கு. சின்னப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லித்தர்ற மாதிரி இருக்காம். அந்தப் பொண்ண வர வேண்டாம்னு சொல்லச் சொல்றாரு." தங்கச்சி கூந்தலிலிருந்து பூவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்புறம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாள். போன் பேசி முடிக்கும்வரை அவர் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தார். வலது கண், இடது கண், இரண்டும். எனக்கே எண்ண முடியவில்லை.

மழைக்காலத்தில் அவருக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிழைத்துவிடுவார், மறுபடி தொண்டையில் குழாய் போட வேண்டி வரலாம், உங்கள் முடிவு என்று சொல்லிவிட்டு வராந்தாவில் நின்றார். போன தடவை அந்தக் குழாயோடு அவர் பட்ட பாட்டைத் தங்கச்சி பக்கத்திலிருந்து பார்த்தவள்.

"அவரையே கேளுங்கண்ணா. அவரு என்ன சொல்றாரோ அதத்தான் செய்வேன். மறுபடியும் நானா முடிவெடுக்க மாட்டேன்" என்றாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று அவருடைய இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள்.

நான் குனிந்து கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போகணுமாப்பா?"

முதலில் ஒரு தடவை மூடினார், நாங்கள் ஆரம்பத்தில் பேசிக்கொண்ட மாதிரி. என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை மூடினார். பிறகு அழுத்தி ஒரு தடவை. பிறகு மெதுவாக ஒரு தடவை. நான் இத்தனை மாதமாகத் தங்கச்சிக்குச் சொல்லிவைத்த அத்தனை விதத்திலும் அவர் ஆமாம் சொன்னார் சார். ஒரு விதம்கூட விடவில்லை. அவ்வளவு ஞாபகசக்தி. மூச்சு வாங்கியது அவருக்கு. கடைசியில் என்னை விட்டுவிட்டுக் கால்மாட்டைப் பார்த்தார். ஆனால் அவள் தலையைக் குனிந்திருந்தாள்.

"வேண்டாங்கறாரும்மா" என்றேன். "போதுங்கறாரு."

தங்கச்சி அவர் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். டாக்டர் ஊசி மட்டும் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் பகலில் உயிர் போயிற்று. நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். கண்ணை மூடிவிட்டதும் நான்தான்.

காரியமெல்லாம் முடிந்ததும் தங்கச்சியே கூப்பிட்டு, "மிச்சத்தையும் நீங்களே எடுத்துட்டுப் போங்கண்ணா, அவரு அதத்தான விரும்பினாரு" என்றாள். ஆட்டோவில் ஏற்றி எதிர்வீட்டுக்கு யாரும் சாமான் கொண்டுபோக மாட்டார்கள் என்பதால் நானே கையால் சுமந்தேன். கடைசி அறுவடை என்று வட்டத்தின் பக்கத்தில் போட்டோ போட்டேன். வெளியூரிலிருக்கும் அவர் மகள் அதைப் பார்த்துவிட்டாள். அதில் ஒரு பட அட்டையில் கதாநாயகிக்குப் பேனாவால் மீசை வரைந்திருக்கும். சின்ன வயதில் அவள் வரைந்ததாம். அதை அப்பா உயிரே போனாலும் யாருக்கும் கொடுக்க மாட்டார் என்று அம்மாவிடம் சண்டை பிடித்து, அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணைத் தேடிப் பிடித்துவிட்டாள். அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்: என்னிடம் எப்போதும் ஒரு தடவைன்னா ஆமாம், இரண்டு தடவைன்னா இல்லை, ஒருநாளும் தவறியதில்லை, நாளைக்கும் வரட்டுமா என்று கேட்டதற்கு ஆமாம் என்றுதான் சொன்னார் என்று. மீதி உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் தங்கச்சி என் வாசலில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "என்மேல கோவமே இல்லைன்னு சொன்னாரே, அது யாரு சொன்னதுண்ணா?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

ஆக, நீங்கள் கேட்டதற்கு நேர்ப்பதில்: ஆமாம் சார், அவர் பிழைக்க வேண்டும் என்று சொன்னார், நான் வேண்டாம் என்று மாற்றிச் சொன்னேன், தெரிந்துதான் சொன்னேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ அங்கே போடுகிறேன். ஆனால் அந்தப் பெட்டிகளைப் பொறுத்தவரை என்னைத் திருடன் என்று எழுதாதீர்கள். பழகிய மனிதர், கூச்சப்படாமல் வாயைத் திறந்து, தொடாதேப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் ஒன்றையும் தொட்டிருக்க மாட்டேன்.